வியாழக்கிழமைக் குடை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே குளிரிலும் வேலையிலும் அகப்பட்டுக்கொண்டு எப்படியோ சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் நலம், எந்த அளவுக்கு நலம் என்பதைக் கடிதத்தைக் கடைசிவரை படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள், நடுவில் போனை எடுக்காதே. போனில் சொன்னால் நீ குறுக்கே கேள்வி கேட்பாய், உன் அம்மா பின்னாலிருந்து பதில் சொல்வாள், என் கதையில் எனக்கே இடம் கிடைக்காது, அதனால்தான் தாளை எடுத்தேன். வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். போன மாதம் முதல் திங்கட்கிழமை, காலை பத்தரை மணிக்கு, எல்லைப் பாலத்துச் சோதனைச் சாவடியில், உன் அம்மா வேலை பார்க்கும் எடைக் கொட்டகையில், மூட்டை நிறுக்கும் மிஷினின் மேல் நான் மயங்கி விழுந்தேன். அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் போனவன், வரிசையில் நிற்காமல் குறுக்கே நுழைந்தால் அவளே திட்டுவாள் என்று வெயிலில் முக்கால் மணி நேரம் நின்றேன். மறுநாள் எடை பார்க்க டாக்டர் வீட்டுக்கு வருவதாக இருந்ததால் முந்தின நாள் மத்தியானத்திலிருந்து டீயைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை, அது வேறு விஷயம். தரையில் விழுந்திருந்தால் கௌரவமாகப் போயிருக்கும். சரியாகத் தட்டின் மேல் விழுந்தேன். மேலே சிவப்பு எழுத்துப் பலகையில் எண்பத்தாறு கிலோ நானூறு என்று எரிந்தது, வரிசையில் இருந்த நாற்பது பேரும் படித்தார்கள், அவர்களில் பாதிப் பேரிடம் நான் எழுபத்தெட்டு என்று சொல்லி வைத்திருந்தேன். உன் அம்மாவுக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம், தட்டில் ஏதாவது விழுந்த சத்தம் கேட்டால் தட்டைப் பார்க்க மாட்டாள், பலகையை மட்டும் பார்த்துச் சீட்டு எழுதுவாள், எழுதிவிட்டாள். சீட்டைக் கிழித்து நீட்டிய பிறகுதான் வாங்க ஆள் இல்லையே என்று எட்டிப் பார்த்திருக்கிறாள். அந்தச் சீட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. சரக்கின் பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாள், அவ்வளவு மரியாதை என் மேல்.

பதறாதே, இப்போது நன்றாக இருக்கிறேன், பதற வேண்டியது வேறு ஒருத்திக்காக. சுகாதார நிலையத்தில் ஒரு பயிற்சி டாக்டர் இருக்கிறாள் என்று முன்பு சொல்லியிருக்கிறேன். நம் ஊருக்கு டாக்டர் வருவதும் போவதும் உனக்குத் தெரிந்த கதைதான், பத்து வருடத்தில் பதினான்கு பேர், ஒருவர் எட்டு நாள் இருந்தும் பெட்டியைப் பிரிக்கவில்லை, தினமும் ஒரு சட்டையை உருவி எடுத்துப் போட்டுக்கொண்டு ஒன்பதாம் நாள் காலிப் பெட்டியோடு கிளம்பிவிட்டார் என்று தலைமை நர்ஸ் சொல்வாள். வந்தவர்கள் எல்லாரும் உன்னைப் போல ஏதாவது ஒரு உறுப்பைப் படித்தவர்கள், கோபித்துக்கொள்ளாதே, முழங்காலும் உறுப்புதான். இங்கே வருகிறவனுக்கோ ஒரே நேரத்தில் காதுவலி, லாரி ஓட்டி ஓட்டி இடுப்பில் பிடிப்பு, வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத மச்சினன், போதாததற்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் யாரோ போட்ட பெயர் தெரியாத ஊசியின் தடிப்பு. இதற்கு எந்த உறுப்பு டாக்டரைக் கூப்பிடுவது? அதனால் எல்லையோர ஊர்களுக்கென்றே குடும்ப டாக்டர்களைத் தயார் செய்வது என்று புதிதாக ஒரு ஏற்பாடு. தலைநகரத்தில் சொல்லிக்கொடுத்து அனுப்பாமல் இங்கேயே இரண்டு வருடம் வைத்துப் பழக்குகிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் பெரிய டாக்டரம்மா ஒருவர் டிவியில் வந்து பாடம் நடத்துவார், பாதி நாள் லைன் அறுந்து அவர் வாயைத் திறந்தபடியே உறைந்து நிற்பார், தொண்டை எப்படிப் பரிசோதிப்பது என்று அதைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம் என்பேன் நான். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்குப் பன்னிரண்டு குடும்பம். அந்தப் பன்னிரண்டு வீட்டுக்கும் மாதம் ஒருமுறையாவது போய் உட்கார்ந்து பேச வேண்டும். முடிவில் எழுத்துப் பரீட்சை பாதிதான், மீதிப் பாதிக்கு, அந்தப் பன்னிரண்டில் ஒரு குடும்பத்தையே முன்னால் உட்கார வைத்துக்கொண்டு, என்ன பார்த்தேன், என்ன செய்தேன், எங்கே தவறினேன் என்று தலைநகரத்திலிருந்து வரும் இரண்டு பேரிடம் சொல்ல வேண்டும். நம் டாக்டர் தேர்ந்தெடுத்தது நம் குடும்பத்தை. பன்னிரண்டில் நாம்தான் உருப்படியான குடும்பம் போலிருக்கிறது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், சிக்கலான குடும்பத்தைத்தான் எடுப்பார்கள் என்று நர்ஸ் பிறகு சொன்னாள்.

ஊரில் அவளுக்குப் பெயர் பை டாக்டர். யார் போய் எந்த வலி சொன்னாலும், வீட்டில் இருக்கிற மாத்திரை, மருந்து, தைலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள் என்பாள். முதலில் ஊரே சிரித்தது, பழைய சாமான் எடுக்க வந்திருக்கிறாளா என்று கேட்டார்கள். அப்புறம் தபால்காரர் கொண்டுபோன பையில் மாட்டுக்குக் கொடுக்கும் பொடி இருந்ததும், அதை அவர் எட்டு மாதமாக மூட்டுவலிக்குத் தானே கலக்கிக் குடித்து வந்ததும் தெரிந்து சிரிப்பு அவர் பக்கம் திரும்பிவிட்டது. எதிர்வீட்டு லாரிக்காரரின் மனைவி ஆறு மாதமாக யாரிடமும் வாய் திறக்காமல் இருந்தாளே, அவள் இவளிடம் மட்டும் பேசினாள், இப்போது வாசலுக்கு வருகிறாள், கடைக்குப் போகிறாள். என்ன பேசினாள் என்று நான் நேராகவும் கேட்டேன், சுற்றி வளைத்தும் கேட்டேன், ஜோசியக்காரன் மாதிரி பாதி சொல்லி மீதியைப் பிடுங்கவும் பார்த்தேன். டாக்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அவள் மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான், எரிச்சலும் அன்றைக்குத்தான். நம் வீட்டுக்கு வந்தபோது பெரிய தாள் விரித்துக் குடும்பப் படம் போட்டாள், ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், சண்டைக்கு நெளிநெளியாய் ஒரு கோடு. உன் மாமாவுக்கும் எனக்கும் நடுவில் அந்தக் கோட்டை இரண்டாகப் போடச் சொன்னேன். உன் வட்டத்தைத் தாளின் ஓரத்தில் வெகு தொலைவில் போட்டு நீளமாக ஒரு கோடு இழுத்தாள், உன் அம்மா அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், சரி அதை விடு. நான் நம் குடும்பத்தைச் சொல்லி முடித்த வேகத்தில் எதிர்வீட்டுக் குடும்பத்தையும் சொல்ல ஆரம்பித்தேன், அவள் பேனாவை மூடிவிட்டாள்.

இனிமேல்தான் உண்மையான வெட்கக்கேடு. நான்கு வருடமாக, வியாழக்கிழமை மத்தியானம் நம் நகல் கடையைச் சாத்திவிட்டுப் பாலத்தைத் தாண்டிப் போகிறேனே, தாள் வாங்கப் போகிறேன் என்று உங்கள் இருவரிடமும் சொன்னேனே, தாளும் வாங்கினேன், பொய் இல்லை. ஆனால் டயர் கடைக்குப் பின்னால் ஒரு டாக்டர் இருக்கிறார், என்னைவிடப் பருமன், டீயில் மூன்று கரண்டி சர்க்கரை, நோயாளிகள் பெஞ்சில் காத்திருக்க எங்கள் இருவருக்கும் நடுவில் சதுரங்கப் பலகை. அவர்தான் எனக்கு பிரஷர் இருப்பதைக் கண்டுபிடித்து இளஞ்சிவப்பில் ஒரு மாத்திரை கொடுத்தார், உப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அதுவே பாதி வைத்தியம். வீட்டில் சொல்லியிருந்தால் உன் அம்மா மறுநாளே உப்பு ஜாடியைத் தூக்கி அலமாரி உச்சியில் வைத்திருப்பாள், அதனால் சொல்லவில்லை. மாத்திரையைப் பாலத்தில் டாக்டர் சீட்டோடு காட்டினால் விட்டுவிடுவார்கள்தான், ஆனால் காட்ட வேண்டியது யாரிடம்? உன் அம்மாவிடம். அவள் கொட்டகையில் பையை நிறுப்பாள், பெட்டியைத் திறப்பாள், குடையை மட்டும் தொட மாட்டாள், கையில் பிடிக்கும் குடை சரக்கில் சேராது என்பது விதி, அந்த விதியை எனக்குச் சொன்னதே அவள்தான். நான்கு வருடமாக, மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வியாழக்கிழமை எனக்குக் குடை. மடித்த குடையின் உள்ளே இரண்டு அட்டை மாத்திரை. சொந்த மனைவியின் மூக்குக்குக் கீழே, அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக் கை காட்ட, நான் குடையை ஊன்றிக்கொண்டு ஒரு ஜமீன்தார் போல நடந்து வருவேன்.

பிறகு பை டாக்டர் வந்தாள், முதல் தடவை வீட்டுக்கு வந்த அன்றே உன் அம்மா எதிரில் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். எனக்கா, பிரஷரா என்று நான் ஆச்சரியப்பட்டுக் காட்டினேன், நாடகத்தில் சேர்ந்திருந்தால் இன்று எங்கேயோ இருப்பேன். உப்பு ஜாடி உச்சிக்குப் போயிற்று. நிலையத்திலிருந்து வெள்ளை மாத்திரை கொடுத்தாள். சும்மா கொடுக்கிற வெள்ளை மாத்திரையைவிடக் கலர் மாத்திரைக்கு வீரியம் ஜாஸ்தி என்று எனக்கு ஒரு எண்ணம், நீ தலையில் அடித்துக்கொள்வது இங்கே கேட்கிறது. வெள்ளையை வாங்கி மேஜை டிராயரில் போட்டுக்கொண்டே வந்தேன், இளஞ்சிவப்பை ஞாபகம் வந்த நாளெல்லாம் சாப்பிட்டேன். அது போதவில்லை போலிருக்கிறது, ஒவ்வொரு மாதமும் வந்து பார்ப்பாள், பிரஷர் இறங்கியிருக்காது, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்பாள், ஆமாம் என்பேன், எந்த மாத்திரை என்று அவள் கேட்கவில்லையே. வேறு எங்கேயாவது வைத்தியம் பார்க்கிறீர்களா என்றும் கேட்டாள், பையையும் இரண்டு தடவை கொண்டுவரச் சொன்னாள், இரண்டு தடவையும் இளஞ்சிவப்பு மட்டும் குடைக்குள்ளேயே தங்கிவிட்டது. பாவம், வெள்ளையை இரண்டு மடங்காகக் கூட்டினாள். இந்த நேரம் பார்த்து உன் அம்மா கத்தரிக்கோல் தேடி டிராயரைத் திறந்தாள். பிரிக்காத அட்டைகள் சீட்டுக்கட்டு மாதிரி கொட்டின. வெளியே தெரிந்தால் வெட்கம் என்று டாக்டரிடமும் சொல்லாமல், மறுநாளிலிருந்து காலையில் மாத்திரையைக் கையில் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, சோதனைச் சாவடியே வீட்டுக்கு வந்துவிட்டது. நான் இளஞ்சிவப்பையும் விடவில்லை, அது என் சொந்த மாத்திரை, வெள்ளை உன் அம்மாவின் மாத்திரை, கலர் வேறு என்றால் வேலையும் வேறு என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் நீ போனில், மாத்திரை போட்டீங்களா அப்பா என்று கேட்டபோது போட்டேன் என்றேனே, அதில் பொய்யே இல்லை, இரண்டு நாட்டு மாத்திரையும் போட்டேன்.

மூன்று வாரம் ஓடியது, திங்கட்கிழமை வந்தது, விழுந்தேன். நிலையத்திலிருந்து டாக்டர் ஓடி வந்தாள், ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. பிரஷர் மேலே எண்பத்துநாலு, கீழே ஐம்பது. என் காலைத் தூக்கி வெங்காய மூட்டை மேல் வைத்து, தரையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து நாடியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். கண் திறந்ததும் முதலில் தெரிந்தது அவள் முகம்தான், மயங்கி விழுந்தது நானா அவளா என்று சந்தேகம் வரும்படி வெளுத்திருந்தது. வேறு ஏதாவது மாத்திரை சாப்பிட்டீர்களா, யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். என் தலை உன் அம்மாவின் மடியில் இருந்தது, அவள் கையில் இன்னும் சீட்டுப் புத்தகம், நான் இல்லை என்றேன். வெள்ளை மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னாள், நிறுத்தினேன், இளஞ்சிவப்பை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த நான்கு நாளும் காலை மாலை வந்து பார்த்தாள், பிரஷர் கச்சிதமாக இருந்தது. அதைப் பார்த்து அவள் இன்னும் வாடிப்போனாள். மருந்தே இல்லாமல் சரியாக இருக்கிறவருக்கா இரண்டு மடங்கு கொடுத்தோம் என்று நர்ஸிடம் சொல்லி அழுதாளாம். நர்ஸ் அதை என்னிடம் சொன்னாள், நான் அன்று கடையில் மூன்று பேருக்கு அடையாள அட்டையின் முன்பக்கத்தையே இரண்டு தடவை நகல் எடுத்துக் கொடுத்தேன்.

நான் விழுந்த பத்தாம் நாள், பரீட்சைக்கு முந்தின நாள். டாக்டர் ஒரு கோப்பைக் கொண்டுவந்து, எல்லாத் தாளிலும் ஆறு நகல் வேண்டும், படத்தைப் பெரிதாக்க வேண்டும், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டுப் போனாள். கடைக்கு வரும் தாளை நான் படிக்க மாட்டேன் என்பது உனக்குத் தெரியும், கண்ணாடியில் கவிழ்க்கும்போது கண் தானாக ஓடும், அதை நிறுத்த வைத்தியம் இல்லை. குடும்பப் படத்தில் என் கட்டத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில், அதிகம் பேசுவார், குறைவாகச் சொல்வார் என்று எழுதியிருந்தாள். உன் அம்மா முப்பத்திரண்டு வருடமாகக் கண்டுபிடிக்க முடியாததை இவள் இரண்டு வருடத்தில் ஒரு வரியில் எழுதிவிட்டாள். ஏழாம் பக்கத்தில், இவருடைய மயக்கத்துக்கு நான் கூட்டிய அளவே காரணம், மனிதரைக் கேட்காமல் எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டினேன் என்று இருந்தது. அதிலேயே மருந்தின் பெயரும் இருந்தது. எனக்கு ஏதோ உறுத்தியது. குடையிலிருந்து இளஞ்சிவப்பு அட்டையை எடுத்தேன், அதன் பின்னால் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து, என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மிஷினில் கவிழ்த்து நானூறு சதவீதம் பெரிதாக்கி அழுத்தினேன். தாள் வெளியே வந்தது. ஏழாம் பக்கத்தில் இருந்த அதே பெயர், என் கட்டைவிரல் பருமனில். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து வேலையை முடிக்கலாம் என்று கோப்பின் கடைசித் தாளை எடுத்தால் அது பரீட்சைத் தாளே இல்லை. எல்லையில் வேலை பார்க்க நான் ஏற்றவள் அல்ல, பயிற்சியிலிருந்து என்னை விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறேன் என்று நான்கு வரி, மறுநாள் தேதி, கீழே கையெழுத்து. தவறி மற்றவற்றோடு சேர்ந்து வந்திருக்க வேண்டும். பதினைந்தாவது டாக்டர் என்று மனசுக்குள் எண்ணினேன். பதினான்கு பேர் போனதற்கு நான் காரணம் இல்லை, ஊர் காரணம், வெயில் காரணம். பதினைந்தாவது என் குடைதான்.

இரண்டே வழி. வாயை மூடிக்கொண்டால் அவள் போவாள், நான் ஜமீன்தாராகவே இருக்கலாம். திறந்தால் உன் அம்மா அறிவாள், அதுவும் பரீட்சை அறையில், வெளியூர்க்காரர்கள் எதிரில். அவள் இருபத்திரண்டு வருடத்தில் யாரிடமும் ஒரு பொட்டலத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டதில்லை, சொந்தத் தம்பியின் பெட்டியையே மூன்று தடவை பிரித்தவள், உன் மாமா அந்தக் கோபத்தை என் மேல் காட்டியதுதான் அந்த நெளிநெளிக் கோட்டுக்கு ஆரம்பமே. அப்படிப்பட்டவளின் புருஷன் கடத்தல்காரன் என்று ஊர் பேசினால் வெட்கம் எனக்கு இல்லை, எனக்கு அது ஊறிப்போனது, அவளுக்குத்தான். முதலில் அவளிடம் தனியாகச் சொல்லலாம் என்று சமையலறை வாசல் வரை போனேன், அவள் கையில் கத்தி இருந்தது, காய் நறுக்கத்தான், இருந்தாலும் திரும்பி வந்துவிட்டேன்.

பரீட்சை நிலையத்தின் கூடத்தில் நடந்தது, ஊசி மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜ் ஒரு பக்கம் முனகிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் இரண்டு பேர், வெயிலிலும் கோட்டைக் கழற்றாத ஒருவர், தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருக்கும் ஒரு அம்மா. நானும் உன் அம்மாவும் மாப்பிள்ளை பெண் மாதிரி முன் வரிசையில். டாக்டர் படத்தை மாட்டி நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள், ஏழாம் பக்கத்துக்கு வந்தபோது குரல் இறங்கியது, இவர் விழுந்ததற்கு நான்தான் காரணம் என்றாள். நான் எழுந்து நின்றேன். உட்காருங்கள், உங்கள் முறை பிறகு என்றார் கோட்டுக்காரர். பிறகு என்றால் தைரியம் போய்விடும் சார் என்று சொல்லிவிட்டு, கையோடு கொண்டுபோயிருந்த மாத்திரைப் பையை மேஜை மேல் கவிழ்த்தேன். வெள்ளை அட்டைகள் விழுந்தன. அப்புறம் குடையை எடுத்து விரித்தேன், அறைக்குள் குடை விரிக்கிறானே, பைத்தியமா என்று எல்லாரும் பார்க்க, உள்ளேயிருந்து இளஞ்சிவப்பு அட்டைகள் இரண்டும் நழுவி மேஜையில் விழுந்தன. நானூறு சதவீதத் தாளையும் பக்கத்தில் வைத்தேன். டயர் கடை, டீ, சதுரங்கம், டிராயர் எல்லாவற்றையும் சொன்னேன், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுருக்கமாகச் சொன்னேன். டாக்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உன் அம்மா அட்டையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை, அந்தக் குடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்.

“குடையிலயா?”

நான் குடையை மடக்கிக் கீழே வைத்தேன். கோட்டுக்காரர் டாக்டர் பக்கம் திரும்பி, அப்படியானால் தப்பு உங்களுடையது இல்லை, இவர் மறைத்துவிட்டார், அவ்வளவுதானே என்றார். நானாக இருந்தால் ஆமாம் சார் என்று அந்தக் கயிற்றைப் பிடித்து ஏறியிருப்பேன். அவள் ஏறவில்லை.

“இல்ல சார். வேற எங்கயாவது பாக்கறீங்களான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் இவங்க வீட்டம்மா பக்கத்துல இருந்தாங்க. அந்தப் பக்கத்து மருந்தைப் பத்தி, சுங்கத்துல வேலை பாக்கற மனைவியை வெச்சுக்கிட்டுக் கேட்டா யார் சார் சொல்லுவாங்க? இந்த ஊர்ல பாதிப் பேருக்கு அந்தப் பக்கம் இன்னொரு டாக்டர் இருக்கார். தனியாக் கேட்டிருக்கணும். வியாழக்கிழமை எங்க போறீங்கன்னு கேட்டிருக்கணும்.”

எழுதிக்கொண்டே இருந்த அம்மா அப்போதுதான் முதல் தடவையாகப் பேனாவைக் கீழே வைத்தார். அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அடுத்த வியாழக்கிழமை இவரோடு பாலத்தைத் தாண்டிப் போய் அந்த டாக்டரைப் பார்ப்பேன் என்றாள் இவள். அவ்வளவுதான் பரீட்சை. சாயங்காலம் தேறிவிட்டாள் என்று தகவல் வந்தது, நர்ஸ் ஓடி வந்து சொன்னாள், நான் டாக்டரை வாழ்த்தப் போகவில்லை, எனக்கு வீட்டில் வேறு பரீட்சை இருந்தது. உன் அம்மா குடையை என் கையிலிருந்து வாங்கி அலமாரி உச்சியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். மறுநாள் காலை ஷிப்டுக்குப் போனவள், மேலதிகாரியிடம் தானே எழுதிக் கொடுத்து, கையில் பிடிக்கும் குடையும் இனிமேல் விரித்துப் பார்க்கப்படும் என்று கொட்டகை வாசலில் பலகை மாட்டிவிட்டாள். மழை பெய்கிற நாளில் வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரும் குடையை விரித்துக் காட்டும்போது என் பெயரைத்தான் சொல்கிறார்கள், நல்ல விதமாக இல்லை.

அந்த வியாழக்கிழமை டாக்டரும் நானும் போனோம். டயர் கடை டாக்டரும் அவளும் சதுரங்கப் பலகையைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் பேசினார்கள், நான் நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், முதல் தடவையாக. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு சின்ன நோட்டு, எந்தப் பக்கம் எந்த மாத்திரை கொடுத்தாலும் அதில் எழுத வேண்டும், நோயாளி அதைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. நோட்டு நம் கடையில்தான் அச்சடித்தேன். உன் அம்மாவின் கொட்டகையில் அந்த நோட்டைக் காட்டினால் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள், அதற்கும் அவள்தான் எழுதிக் கொடுத்தாள். ஊரில் இப்போது ஆளாளுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கு ஓடுகிறார்கள், என்னைப் போல இரட்டை மாத்திரைக்காரர்கள் இதுவரை பதினோரு பேர், அதில் தபால்காரரும் ஒருவர், அவர் எதையும் விட்டுவைக்க மாட்டார். எனக்கு நஷ்டம் ஒன்றே ஒன்றுதான், டயர் கடை டாக்டரும் உப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். உப்பைப் பற்றிப் பேச எனக்கு இப்போது இரண்டு நாட்டு டாக்டர்கள், ஒரு மனைவி, தொலைவில் ஒரு மகள்.

போன வாரம் டாக்டர் கடைக்கு வந்தாள். நீங்க அந்தக் கடைசித் தாளைப் படிச்சீங்களா சார் என்று கேட்டாள். நகல் எடுக்கிறவன் தாளை எண்ணுவான், படிக்க மாட்டான் என்றேன். பையைக் கொட்டினவர் இதையும் கொட்டிவிடுங்கள் என்றாள், கொட்டினேன். சிரித்துவிட்டு அந்த நான்கு வரித் தாளை என் மேஜையில் வைத்து, பின்பக்கம் சுத்தமாத்தான் இருக்கு, எதுக்காவது வெச்சுக்குங்க என்று போய்விட்டாள். மூன்று வருடத்துக்கு இங்கேயே இருக்கக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், பெட்டியையும் பிரித்துவிட்டாளாம், நர்ஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நீ இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்தத் தாளைத் திருப்பிப் பார், அதுதான் அது, பெயரை மட்டும் கறுப்பு மையால் அடித்திருக்கிறேன்.

உனக்கு நான் புத்தி சொல்ல என்ன இருக்கிறது, நீ டாக்டர். இருந்தாலும் சொல்கிறேன், முழங்காலைக் காட்ட வருகிறவனிடம் வியாழக்கிழமை எங்கே போகிறாய் என்று ஒரு வார்த்தை கேள், புருஷனோ பெண்டாட்டியோ பக்கத்தில் இருந்தால் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டுக் கேள். வேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. மாப்பிள்ளையிடம் எதையும் மறைக்காதே, மறைத்தால் குடையில் மறைக்காதே. உன் அறை முழுக்கத் தாள் கட்டுகள்தான், வருகிறாய் என்றால் பத்து நாள் முன்னால் சொல், உடனே வா என்று நான் சொல்லவில்லை, உன் அம்மாவும் சொல்லவில்லை, அவள் அந்தப் படத்தின் நகலைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள், அவ்வளவுதான். எங்கே இருந்தாலும் உடம்பில் தெம்பும் மனசில் சிரிப்பும் குறையாமல், கை தொட்ட முழங்கால் எல்லாம் நடக்க, நீங்கள் இருவரும் நன்றாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய மறக்காதே, மாத்திரை போட்டீங்களா என்று கேட்காதே, எத்தனை போட்டீங்க என்று கேள்.

இப்படிக்கு,
எண்பத்திரண்டு கிலோவுக்கு இறங்கியிருக்கும்
உன் அப்பா

பி.கு. இதை உறையில் போடும்போது ஒன்று சொல்ல மறந்தது ஞாபகம் வந்தது, டாக்டரிடமோ உன் அம்மாவிடமோ சொல்லிவிடாதே. அந்தத் திங்கட்கிழமை உன் அம்மாவுக்கு அதிகாலை ஷிப்ட், வாயைத் திறக்கச் சொல்ல ஆள் இல்லை. அன்று போட்டிருந்த சட்டையை நேற்றுதான் துவைக்க எடுத்தேன். அதன் பையில் ஒரு காகிதத்தில் மடித்தபடி வெள்ளையும் இளஞ்சிவப்பும் அப்படியே இருந்தன, அன்று வயிற்றுக்குள் போயிருந்தது டீ மட்டும்தான்.